ஆட்டுக் குடலுக்கு ஒரு கௌரவப் பெயர்

அபுதாபி முசஃபாவில் எங்கள் கம்பெனித் தொழிலாளர் கேம்ப் வாசலில் ஒரு விதிமுறைப் பலகை தொங்கும். அதில் பதினான்காவது விதியை இங்கிலீஷில் எழுதியவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

'அறைகளில் ஆட்டின் தலை, வயிறு, குடல் போன்ற துர்நாற்றம் வீசும் விலங்குக் கழிவுகளைச் சமைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மூன்றாவது எச்சரிக்கையோடு விசா ரத்தாகும்.' இதுதான் விதி. ஜெனரல் மேனேஜர் என்னிடம் சொன்னதெல்லாம், "கேம்ப்பிலிருந்து வாடை ஆபீஸ் வரை வருகிறது, ஏதாவது எழுதி ஒட்டு" என்பது மட்டும்தான். துர்நாற்றமும் விலங்குக் கழிவும் என் சொந்தச் சரக்கு. பாளையங்கோட்டையில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனை டைப்பிஸ்டாக உட்கார வைத்தால் எங்கேயாவது தன் திறமையைக் காட்டத்தானே செய்வான்?

அந்த விதியில் முதலில் மாட்டியவன் வெல்டர் அருள்முருகன். முதுகுளத்தூர் பக்கத்துக்காரன். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை ஆனால் அவன் கை சும்மா இருக்காது. மார்க்கெட்டுக்குப் போய்க் குடல் வாங்கி வந்து, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டு உரசி உரசிக் கழுவி, மிளகு தூக்கலாக ஒரு குழம்பு வைப்பான். ஒன்பதாம் நம்பர் அறையில் அவனோடு சேர்த்து ஆறு பேர். ஏழாவது தட்டு எப்போதும் என்னுடையது. முதல் எச்சரிக்கைக் கடிதத்தை நான் அடித்தபோது, அந்தக் குழம்பில் இரண்டு கரண்டி என் வயிற்றில் ஜீரணமாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது கடிதத்தின்போதும் அப்படியே. வேலை வேறு, சாப்பாடு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவனுக்குச் சமாதானமா கிடைக்காது?

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அருள்முருகன் குடலை மறந்துவிட்டான். மறக்காமல் என்ன செய்வான்? ஊரில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தில் வானத்தைப் பார்த்து நின்றது. அவன் மனைவி பூவாயி அதற்குள்ளேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள். இன்னும் ஒரு கடிதம் வந்தால் விசா ரத்து, ஆறு மாதத் தடை, அதோடு வீடும் தார்ப்பாயோடு நின்றுவிடும். அதனால் அந்தக் கைதேர்ந்த சமையல்காரன் வெள்ளிக்கிழமைதோறும் முட்டையை அவித்து, அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே தின்றான்.

இனி ஜெனரல் மேனேஜர். ஸ்காட்லாந்துக்காரர். பெயர் அபர்குரோம்பி. இந்தப் பெயரை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் அவருக்கு அவரைக்கொம்பு என்று பெயர் வைத்தார்கள். ஆளும் பந்தலுக்கு நட்ட கொம்பு மாதிரிதான் இருப்பார். காலையில் நான் நீட்டும் ஃபைலில் நாற்பது காகிதங்கள் இருந்தால் நாற்பதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கக்கூட ஒருவன் காகிதத்தைப் படிக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறு, ஜனவரி மாதம். ஒரு திங்கட்கிழமை அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை.

"ஜெயசீலன், வியாழக்கிழமை என் வீட்டில் விருந்து. எங்கள் நாட்டுக்காரர்கள் இருபது பேர் வருகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வரும் விருந்து. அதற்கு ஹாகிஸ் வேண்டும். எங்கள் கிளப்பில்தான் வரவழைப்பார்கள். இந்த வருடம் கப்பலிலேயே மாட்டிக்கொண்டது."

ஹாகிஸ் என்றால் என்ன என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆட்டின் வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அதே ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்த வேண்டுமாம். கொழுப்பு, வெங்காயம், ஓட்ஸ், மிளகு, உப்பு சேர்த்து அந்த வயிற்றுக்குள் அடைத்து, வாயைத் தைத்து, மூன்று மணி நேரம் தண்ணீரில் வேகவிட வேண்டுமாம். சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுத்தது. முதல் நாள்தான் முந்நூறு பேருக்குச் சம்பளம் இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்போது தொண்டையில் ஒரு செருமல்கூட இல்லை.

"அது எங்கள் தேசத்தின் உணவு, ஜெயசீலன். அதைத் தட்டில் வைத்துத் தூக்கி வரும்போது எல்லோரும் எழுந்து நிற்போம். வாத்தியம் ஊதுவோம். அதைப் பார்த்து ஒரு கவிதை சொல்வோம். பிறகுதான் கத்தியால் கீறுவோம்."

எங்கள் பக்கம் குடலைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. மிஞ்சிப் போனால், "இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்போம். நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

"என் மனைவி வில்லாவில் சமைக்கக் கூடாது என்கிறாள். திரைச்சீலையெல்லாம் வாடை பிடித்துவிடுமாம். வெளியே யாராவது சமைத்துத் தர வேண்டும். நம் ஆட்களில் தெரிந்தவர் உண்டா என்று பழைய ஃபைல்களைப் பார்த்தேன்." மேஜையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். நான் அடித்த எச்சரிக்கைக் கடிதங்கள். "இதோ, இந்த ஆள். இரண்டு முறை ஆட்டின் வயிற்றைச் சமைத்திருக்கிறான். அனுபவசாலி. கூப்பிடு."

அவர் முதல்முறையாக ஒரு காகிதத்தைப் படித்தார் என்றால் அது இதற்காகத்தான்.

சைட்டிலிருந்து வந்த அருள்முருகன் வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, சத்தியமா இந்த மாசம் முட்டையத் தவிர ஒண்ணும் ஆக்கலண்ணே. வேணும்னா ரூமுல வந்து சட்டிய மோந்து பாக்கச் சொல்லுங்க."

உள்ளே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவரைக்கொம்பைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னை. "கொடலுக்குள்ள ஈரல வச்சுத் தைக்கணுமா? இதத் திங்குற மனுசனாண்ணே நம்மள வையுறாரு?"

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் அவரைக்கொம்பு.

"மிகுந்த சந்தோஷம் என்கிறான், சார்."

வெளியே வந்ததும் அருள்முருகன் என்னை ஓரமாக இழுத்தான். "அண்ணே, ரூமுல ஆக்குனா கேம்ப் பாஸ் சுஐபு பாய் சும்மா விடுவாரா? தொரைகிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கித் தாங்கண்ணே. 'நாந்தான் ஆக்கச் சொன்னேன்'னு ஒரு வரி. அது போதும்."

நியாயமான பேச்சு. ஆனால் நான் திரும்ப உள்ளே போகவில்லை. உட்காரச் சொன்ன மனிதரிடம் எழுத்தில் கேட்டால் அவமரியாதையாக இருக்கும் என்று தோன்றியது. "பெரிய மனுஷன் வாயால சொல்லிட்டாரு, பேசாம இரு" என்றேன். எனக்குத் தைரியம் இல்லை என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை அரை நாள் வேலை. காலையிலேயே அருள்முருகனுக்கு லீவு கொடுத்து, கம்பெனி பிக்கப்பில் மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். இறைச்சிக் கடை பாகிஸ்தானி, "ஓஜ்ரி சாஹியே?" என்று உருதுவில் வயிறு வேண்டுமா எனக் கேட்டு, பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி அருள்முருகனைப் பார்த்துச் சிரித்தான். முழு வயிறாக, ஓட்டை இல்லாமல் வேண்டும் என்றதும் அவன் ஒன்றை எடுத்து வாயால் ஊதிக் காட்டினான். ஓட்ஸை அவரைக்கொம்பே கொடுத்திருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த துணிப்பை. எங்களுக்குத் தெரிந்த ஓட்ஸ் சர்க்கரை வியாதிக்காரர்கள் குடிக்கும் கஞ்சி. இது உடைத்த கோதுமைக் குருணை மாதிரி மொரமொரவென்று இருந்தது.

ஒன்பதாம் நம்பர் அறை அடுப்பில் தண்ணீர் வைத்ததும் அருள்முருகன் ஆளே மாறிவிட்டான். இரண்டு மாதமாக முட்டையைத் தொட்ட கை அது. வயிற்றை வெந்நீரில் முக்கி எடுத்து, கத்தியின் முதுகால் சுரண்டி, கல் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, கடைசியில் மஞ்சளை அள்ளினான்.

"டேய், மஞ்சள் இதுல கிடையாது. மிளகு, உப்பு மட்டும்தான்னு சொன்னாரு" என்றேன்.

"மஞ்சப் போடாமக் கொடலத் தொடுறதா? அவுக பாட்டுப் பாடட்டும், கத்தியால குத்தட்டும், எனக்கென்ன வந்துச்சு. கழுவுறது என் இஷ்டம்."

ஈரலையும் மற்றதையும் பொடியாகக் கொத்தி, ஓட்ஸை வெறும் சட்டியில் வறுத்துச் சேர்த்தான். நான் கவனிக்காத நேரத்தில் சீரகமும் கொஞ்சம் இஞ்சியும் உள்ளே போயின. கவனித்தேன், ஆனால் பேசவில்லை. மிளகை மட்டும் தாராளமாகப் போட்டான். வாயைத் தைக்க, படுதா தைக்கும் ஊசியும் நூலும். தைத்து முடித்ததும், தண்ணீரில் வெடிக்காமலிருக்க அதே ஊசியால் நாலு இடத்தில் குத்தினான். பெரிய அலுமினியக் குண்டாவில் அது மஞ்சள் நிறத்தில் மிதந்து, கொதிக்கக் கொதிக்க மெதுவாகப் புரண்டது. வாடை என்றா சொன்னேன்? ஒன்பதாம் நம்பர் அறையில் வாயூறாத ஆள் இல்லை.

மூன்று மணி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. கேம்ப் பாஸ் சுஐபு. கீழக்கரைக்காரர். எதற்கும் ரிஜிஸ்டரோடு அலைவார். விதி என்றால் உயிர். நேராகக் குண்டாவுக்குப் போய் மூடியைத் தூக்கினார்.

"என்னப்பா இது? ஃபுட்பாலு மாதிரி?"

"ஆட்டு வயிறு பாய்" என்றான் அருள்முருகன். பொய் சொல்லத் தெரியாதவன். "பெரிய தொரைக்கு."

"யாரு, அவரைக்கொம்புக்கா? அவரு ஆட்டு வயித்தத் திங்கிறாரா? கதை விடுறதுக்கும் ஒரு அளவு இருக்குப்பா. போன வருஷம் இந்த வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுனவரு அவரு."

"உண்மைதான் பாய், நான் இருந்தப்பதான் சொன்னாரு" என்றேன்.

சுஐபு என்னைப் பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

எழுத்தில் இல்லை. அவர் ரிஜிஸ்டரில் தேதி, நேரம், அறை எண், பெயர் எல்லாம் எழுதி, தன் சின்ன டிஜிட்டல் கேமராவில் குண்டாவை இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் டிரைவர் வந்துவிட்டான். குண்டாவை ஒரு போர்வையில் சுற்றி பிக்கப்பில் ஏற்றினோம். அருள்முருகன் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். "மூணாவது பேப்பரு வந்துருமாண்ணே?" என்று கேட்டான்.

சனிக்கிழமை காலையில் அவரைக்கொம்பு ஆபீஸுக்குள் வந்தபோது முகம் மத்தாப்பாக இருந்தது. விருந்து பிரமாதமாம். இருபது வருடத்தில் இப்படி ஒரு ஹாகிஸைச் சாப்பிட்டதில்லை என்று ஒரு கிழவர் அழுதே விட்டாராம். அந்தத் தங்க நிறத்துக்கு என்ன ரகசியம் என்று பெண்கள் கேட்டார்களாம். "பழைய மலைநாட்டு முறை என்று சொல்லிவிட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்த மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக, சுஐபின் அறிக்கையை முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

மத்தாப்பு அணைந்தது. "ரிப்போர்ட்டில் நம்பர் போட்டாகிவிட்டதா?"

"ஆகிவிட்டது, சார். ஒரு காப்பி ஹெட் ஆபீசுக்கும் போகும். நீங்கள்தான் சமைக்கச் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும்."

அவர் பேனாவைத் திருகினார். "ஜெனரல் மேனேஜரே தன் விதியை மீறச் சொன்னார் என்று ஹெட் ஆபீஸில் படிப்பார்கள். அது நன்றாக இருக்காது. நான் வெளியே சமைக்கத்தான் சொன்னேன், கேம்ப்பில் என்று சொல்லவில்லை. விதி விதிதான், ஜெயசீலன். கடிதத்தை அடி."

கேம்ப்பை விட்டால் அருள்முருகனுக்கு வெளியே எந்த அரண்மனை இருக்கிறது? கேட்கவில்லை. தங்கள் தேசத்தின் உணவுக்காக எழுந்து நின்ற மனிதர், அதைச் சமைத்தவனுக்காக ஒரு வரி எழுத மறுக்கிறார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நான்கு வருடமாக எங்கே போயிருந்ததோ தெரியாது. கோபத்தில் பாதி என் மேலேயே. சீட்டு வாங்கித் தராதவன் நான்தானே.

என் மேஜைக்கு வந்து கடிதத்தை அடித்தேன். எச்சரிக்கைப் படிவத்தில் 'கைப்பற்றப்பட்ட பொருள்' என்று ஒரு கட்டம் உண்டு. முந்தைய இரண்டிலும் 'ஆட்டின் வயிறு, குடல்' என்று அடித்திருந்தேன். இந்த முறை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன்: 'ஹாகிஸ் என்று அழைக்கப்படும், துர்நாற்றம் வீசும் விலங்குக் கழிவு.' அதை ஃபைலில் சொருகாமல் தனியாகக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சார். ஹெட் ஆபீஸில் உங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

படித்தார். காது நுனியிலிருந்து கழுத்து வரை சிவந்தார். "ஹாகிஸ் கழிவு இல்லை!"

"விதியில் உள்ள வார்த்தைதான், சார்."

"அது துர்நாற்றம் வீசாது!"

"அப்படியானால் என்ன எழுதட்டும்?"

"பாரம்பரிய உணவு என்று எழுது!"

"எழுதுகிறேன், சார். ஆனால் பாரம்பரிய உணவைச் சமைக்கக் கூடாது என்று நம்மிடம் விதி இல்லையே. அப்படியானால் இந்தக் கடிதமே செல்லாது."

அவர் என்னை முறைத்தார். ஒரு வெல்டருக்காக எழுத மறுத்த அந்தப் பேனா, ஹாகிஸுக்காகக் குறுக்காக ஒரு கோடு போட்டது. அறிக்கையின் கீழே தன் கையால் எழுதினார்: 'தவறான புகார். ஹாகிஸ் ஒரு பாரம்பரிய உணவு. விதி பதினான்கு அதற்குப் பொருந்தாது.' பலகையிலும் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார். அருள்முருகனின் வேலை தப்பியது. நான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "அந்த மொத ரெண்டையும் கிழிக்கச் சொல்லுங்கண்ணே. அதுவும் அதே வயிறுதான" என்றான்.

இந்த முறை உள்ளே போனேன். கேட்டேன்.

அவரைக்கொம்பு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அது வேறு, ஜெயசீலன். அது குடல்."

அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப்பில் பதினோரு அறைகளில் குடல் கொதித்தது. பலகையில் புதிதாகச் சேர்ந்த வரியை யாரோ எல்லோருக்கும் படித்துக் காட்டியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். சுஐபு ரிஜிஸ்டரோடு வந்து ஒவ்வொரு குண்டாவாகத் திறந்தார்.

"என்னது?"

"ஆகீசு, பாய்."

"இதுல கொழம்பு இருக்கே?"

"கொழம்பு ஆகீசு, பாய்."

அவர் விதிக்கு உயிரைக் கொடுப்பவர் அல்லவா? பலகையைப் போய் இன்னொரு தடவை படித்துவிட்டு வந்து, அறை எண் போட்டு 'ஆகீசு', 'ஆகீசு' என்று வரிசையாக எழுதினார். ஒன்பதாம் நம்பர் அறையில் ஒரு கிண்ணம் வாங்கி ருசியும் பார்த்தார். உப்பு போதும் என்றார். எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அந்த நேரம் அருள்முருகனின் போன் அடித்தது. ஊரிலிருந்து பூவாயி. கிண்ணமும் கையுமாக சுஐபு பக்கத்திலேயே நின்றார். ரிஜிஸ்டர் அவர் கக்கத்தில் இருந்தது. அறை இரைச்சலில் கேட்காது என்று அருள்முருகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சாப்டியாளா? என்ன கொழம்பு?" என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்தான். சுஐபைப் பார்த்தான். அவன் ஃபைலில் இரண்டு கடிதங்கள் அப்படியே இருந்தன.

"ஆகீசு" என்றான்.

"அது என்ன கருமம்? கறியா, மீனா?"

"அது வெள்ளக்காரவுக சாப்பாடு பூவாயி. ஒனக்குச் சொன்னாலும் வெளங்காது."

அறையே வெடித்துச் சிரித்தது. பூவாயி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அருள்முருகன் போனை அணைத்துவிட்டு, எனக்கு வழக்கமாக வைக்கும் ஏழாவது தட்டை எடுத்துக் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தான்.

"தின்னுங்கண்ணே" என்றான். "எம் பொண்டாட்டிகிட்டகூட பேரு சொல்ல முடியாத கொழம்பு."

அதற்குக் கழிவு என்று பெயர் வைத்த நான், அன்றைக்குப் பாதித் தட்டில் எழுந்துவிட்டேன்.